அபூ காலிபின் குழி

அவ்வாத் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கிக் குழியின் விளிம்புக்கு வந்தான். முகத்தைச் சுற்றியிருந்த தலைத்துணியை விலக்கி ஒரு தரம் உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். திரும்பவும் குழியைப் பார்த்தான்.

"உம்மு காலிப், குழின்னு சொல்லித்தானே என்னைக் கூப்பிட்டீங்க?"

"ஆமா."

"இது குழியா? இதுக்குள்ள என் டிராக்டர் விழுந்தா புகை மட்டுந்தான் வெளிய தெரியும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்ததும் என் ஒரே மகன் காலிபின் கல்யாண விருந்து. பெண்ணை ஏற்றிக்கொண்டு வரும் கார்கள் இந்த வாசலில்தான் வந்து நிற்கவேண்டும். இந்த இடத்தில்தான் பந்தல். இந்த இடத்தில்தான் ஆட்டுக்கறியும் சோறும் குவித்த மன்சஃப் தட்டுகளைச் சுற்றி இரண்டு குடும்பத்து ஆண்களும் நின்று சாப்பிடவேண்டும். அந்த இடத்தில் இப்போது ஒரு வீட்டையே இறக்கிவைக்கிற அளவுக்குப் பள்ளம். நாளைக் காலை பந்தல்காரர்கள் வந்தால் கம்பை எங்கே நடுவார்கள்?

கரக் பக்கத்து ஊர்களில் இது ஒரு நோய். ஜலதோஷம் மாதிரி எல்லா வீட்டுக்கும் ஒரு முறையாவது வந்து போகும். துருக்கிக்காரர்கள் சண்டையில் தோற்று ரயில் பாதை ஓரமாக ஓடியபோது பெட்டி பெட்டியாகத் தங்கத்தைப் புதைத்துவிட்டுப் போனார்களாம். பாறையில் சின்னக் குழிவு இருந்தால் அது அடையாளம், கீறல் இருந்தால் அது வழி, ஒன்றுமே இல்லாவிட்டால் அடையாளத்தை யாரோ அழித்துவிட்டார்கள் என்று அர்த்தம். தங்கத்தைக் கண்ணால் பார்த்தவர் எங்கள் ஊரில் யாருமில்லை. பார்த்தவரைத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

என் கணவர் அபூ காலிப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து எனக்குப் பயம்தான். பெட்டிக்கடை வைப்பார், ஆடு வாங்குவார் என்று பார்த்தேன். போன குளிர்காலத்தில் ஒருத்தன் புதையல் தேட நீளக் கம்பி வைத்த கருவியோடு வந்தான். மலையெல்லாம் சுற்றிவிட்டு, தேநீர் குடிக்க எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது அந்தப் பாழாய்ப்போன கருவி கத்தியது. முதலில் மண்வெட்டியால் தோண்டினார்கள், பிறகு பொக்லைன் வந்தது. கருவி எதற்காகக் கத்தியது என்பதும் தெரிந்தது. பழைய தண்டவாளத்து போல்ட் ஒன்று, துருப்பிடித்து, என் கை நீளத்துக்குக் கிடந்தது. நல்லவேளை, இதோடு விட்டது என்று நினைத்தேன். "போல்ட் இங்க எப்படி வந்துச்சு? துருக்கிக்காரன் போட்டதுதானே? அப்ப மத்ததும் பக்கத்துலதானே இருக்கும்?" என்று கேட்டார். அந்த போல்டைத் துணியில் சுற்றி, அலமாரியில் என் வளையல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு பெருநாளுக்கும் நான் அதைத் தூக்கி எறிய நினைப்பேன்.

நிலம் என்னுடையது. என் அண்ணன்களோடு சண்டை போட்டு, பேச்சுவார்த்தை அற்றுப்போய் நான் வாங்கிய பங்கு. அதில் அவர் தோண்டினார். அத்திமரத்து ஓரமாகத் தோண்டலாம் என்று ஒரு முறை கருவிக்காரன் சொன்னான். மரத்தில் கைவைத்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அண்ணன் காலில் போய் விழுந்துவிடுவேன் என்றேன். நான் அண்ணன் காலில் விழ மாட்டேன் என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் அந்த ஒன்றில் மட்டும் என் பேச்சு எடுபட்டது.

போன வாரம் பெண்ணின் தகப்பனார் அபூ ஹாயில் உட்காரும் இடத்தைப் பார்த்துவிட்டுப் போக வந்தார். காபி கொடுத்தேன். கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே குழியின் ஓரத்தில் நின்றார். அப்புறம் ஒரு வாய்கூடக் குடிக்காமல் கோப்பையைச் சுவரில் வைத்தார். எங்கள் பக்கம் விருந்தாளி காபியைக் குடிக்காமல் வைத்தால் ஏதோ ஒன்றைத் தீர்த்துக் கொடு என்று அர்த்தம், பேச்சே வேண்டாம். ஆனால் அவர் பேசவும் செய்தார்.

"வெள்ளிக்கிழமை இந்தக் குழி இங்க இருந்துச்சுன்னா, என் காருங்க உங்க வாசல்லேயே திரும்பிடும் உம்மு காலிப். பொண்ணோடதான் திரும்பும். புதையல் தேடுற வீட்டுக்கு நான் மய்யாதாவைக் குடுக்கல. காலிபைப் பார்த்துக் குடுத்தேன்."

அன்று ராத்திரி என் மகன் சாப்பிடவில்லை. அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பேசாமல் இருப்பதில் அவன் என்னைக் கொள்ளவில்லை, யாரைக் கொண்டானோ.

"மண்ணு எங்கே?" என்றான் அவ்வாத்.

"இதோ குவிஞ்சிருக்கே."

"இது பாதி. மிச்சம்?"

அங்கேதான் என் வயிறு எரிந்தது. தோண்டிய மண் மலையாகக் குவிந்து கிடந்தபோது ஊரே வந்து கேட்டது. என் கணவர் வள்ளல். எடுத்துக்கோ, எடுத்துக்கோ என்று எல்லாருக்கும் கொடுத்தார். பக்கத்து வீட்டு உம்மு நாயிஃப் தக்காளிப் பாத்திக்கு எடுத்தாள். பாலாடைக் கடைக்காரன் முற்றத்தை மேடாக்க எடுத்தான். எடுத்தவர்கள் எல்லாரும் முதலில் சலித்தார்கள். மாவு சலிக்கிற சல்லடையால் உம்மு நாயிஃப் மண்ணைச் சலித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

"இருக்கிறதைத் தள்ளு. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவன் பிளேடை இறக்கிக் குவியலின் அடியில் கொடுத்தான். முதல் தள்ளு உள்ளே விழுந்ததும் புழுதி எழுந்து அத்திமரத்தை மூடியது. பின்னால் வந்து, திரும்பி, மறுபடியும் தள்ளினான். அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஒரு டம்ளர் தேநீர் போட்டுக்கொண்டு வந்து படியில் உட்காரலாம் என்று எழுந்தேன். அதற்குள் உம்மு நாயிஃப் சுவரைச் சுற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து என்னைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

"மப்ரூக்! ஆயிரம் மப்ரூக்!"

"கல்யாணம் வெள்ளிக்கிழமைதானே. அதுக்குள்ள வாழ்த்தா?"

"கல்யாணத்துக்கும் சேர்த்துத்தான்" என்று கண்ணைச் சிமிட்டினாள். "ஆனாலும் நீ கள்ளிடி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரைச் சுற்றி மலையெல்லாம் குழிகள். ஒருத்தரும் ஒன்றையும் மூடியதில்லை. ஒன்றும் கிடைக்காதவன் குழியை அப்படியே போட்டுவிட்டுப் போவான். அவனுக்கு மூட மனசு வராது, நாளைக்கு வந்து இன்னும் கொஞ்சம் தோண்டலாம் என்று இருக்கும். கிடைத்தவன்தான் தடயம் தெரியாமல் மூடுவான். ஆக, மூடுகிற வீட்டில் தங்கம் இருக்கிறது. இதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். எனக்கு மட்டும் இது முன்கூட்டியே தோன்றவில்லை, கல்யாண வேலையில் மூளை எங்கே இருந்ததோ.

"ஒண்ணும் கிடைக்கலடி. மகன் கல்யாணத்துக்காக மூடுறோம்."

"ஆமாமா, அப்படித்தான் சொல்லணும். கேக்கிறவங்ககிட்ட நானும் அதையே சொல்றேன்."

கொஞ்ச நேரத்தில் சுவரோரம் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். ஒருத்தன் தன் பங்குக்கு உள்ளே இறங்கியே பார்த்துவிட்டு வந்தான். அவ்வாத் ஹாரனை அடித்து அடித்து ஓய்ந்துபோனான். ரொட்டி வாங்கப் போயிருந்த என் கணவர் அந்த நேரத்துக்குத் திரும்பி வந்தார். வழியெல்லாம் யார் யார் என்ன சொன்னார்களோ, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, பட்டாளத்து நடை நடந்து வந்தார். சுவரோரம் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். "அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் அபூ காலிப்" என்றார்கள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் லேசாக அசைத்தார். எனக்கு அவரை அந்த ரொட்டியாலேயே அடிக்கலாம் போல இருந்தது.

இருந்த மண் முழுவதும் போய்விட்டது. குழி பாதிகூட நிறையவில்லை. அவ்வாத் இன்ஜினை அணைத்துவிட்டு சிகரெட் பற்றவைத்தான்.

நான் உம்மு நாயிஃபிடம் மண்ணைத் திருப்பிக் கேட்டேன். நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"காய்ச்சு நிக்கிற செடிடி! அதையா பிடுங்கச் சொல்றே? உன் புருஷன் தானே மனசாரக் குடுத்தாரு?"

பாலாடைக் கடைக்காரன் காது கேட்காதவன் மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஊரே என் வாசலில் நின்று மப்ரூக் சொல்கிறது, ஒரு கூடை மண் தர ஆளில்லை. அந்த எரிச்சலில்தான் எனக்கு அந்த வார்த்தை வந்திருக்கவேண்டும். நான் யோசித்துச் சொல்லவில்லை.

"சரி, வெச்சுக்கோ. ஆனா எம்மேல பழி போடாதே. புதையலைக் காத்த ஜின்னு இன்னும் அடங்கல. அந்தக் குழி மண்ணு எங்கெங்கே போயிருக்கோ, அதுவும் அங்கங்கே போயிருக்கும்."

உம்மு நாயிஃபின் முகம் வெளுத்தது.

"என் கறுப்பு ஆடு..." என்றாள். "குட்டி செத்துப் பிறந்துச்சே, மண்ணு கொண்டாந்த அடுத்த வாரம்..."

"நான் ஒண்ணும் சொல்லலம்மா."

அதற்குப் பிறகு நான் எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை. மதியத்துக்குள் தள்ளுவண்டியில் வந்தது, சாக்கில் வந்தது, பிக்கப்பில் வந்தது. உம்மு நாயிஃப் தக்காளிச் செடிகளைக்கூடப் பிடுங்காமல் மண்ணோடு வெட்டி எடுத்து வந்து கொட்டினாள். கொட்டும்போது ஓதிக்கொண்டே கொட்டினாள். பாலாடைக் கடைக்காரன் எடுத்ததற்கு மேலேயே கொண்டுவந்தான். உடைந்த ஓடு, பழைய கழுவுதொட்டி, கடைசியில் ஒரு செத்த வாஷிங் மெஷின்.

"யோவ், இது குழியா, உன் வீட்டுக் குப்பைத் தொட்டியா?" என்று டிராக்டர் மேலிருந்து கத்தினான் அவ்வாத்.

"அந்த மெஷினையும் இந்த மண்ணு மேலதான் வெச்சிருந்தேன். அதான் கெட்டுப்போச்சு. உள்ளே தள்ளு!"

வெயில் சாய்கிற நேரத்தில் குழி என் கழுத்தளவுக்கு வந்திருந்தது. இன்னும் ஒரு மணி நேர வேலை என்றான் அவ்வாத். நான் உள்ளே போய் விருந்துக் கறிக்கு உலர்ந்த ஆட்டுத் தயிர்க்கட்டியை ஊறவைத்துவிட்டு வந்து பார்த்தால் டிராக்டர் நிற்கிறது. அவ்வாத் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி குழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"என்னாச்சு?"

"உங்க வீட்டுக்காரர் உள்ள உக்காந்துட்டாரு அக்கா."

எட்டிப் பார்த்தேன். ஒரு மூலையில், தக்காளிச் செடிகளுக்குப் பக்கத்தில், சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையால் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எழுந்திரிங்க!"

"அவசரப்படாதே. இந்த மூலையை நாங்க சரியாப் பாக்கல."

"தள்ளு அவ்வாத்."

"புருஷன் மேல மண்ணு தள்ளச் சொல்றீங்க. அப்புறம் போலீஸுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

நாளைக்குப் பந்தல். மறுநாள் அபூ ஹாயிலின் கார்கள். அவற்றில் ஒன்றில் மய்யாதா. மனசு கொதித்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மண் சரிய சரிய நானும் உள்ளே இறங்கினேன். இந்த வயதில், கல்யாண வீட்டுக்காரி, ஊர் பார்க்கக் குழிக்குள் இறங்குகிறேன். அவர் எதிரில் போய் நின்றேன். கத்தத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"இத்தனை பேரு சொல்றாங்க, கிடைச்சிருச்சுன்னு" என்றார். "இத்தனை பேரும் சொல்றப்ப கொஞ்சமாவது இருக்காதா?"

"உங்களைப் பத்தித்தானே சொல்றாங்க. கிடைச்சுதா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் ஒரு மண்கட்டியை எடுத்து உடைத்தார், உள்ளே பார்த்தார், கீழே போட்டார்.

"ரொட்டிக் கடையில இன்னிக்கு எனக்கு எழுந்து இடம் குடுத்தாங்க வத்ஹா."

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகு காலமாகிறது. மகன் பிறந்ததிலிருந்து நான் உம்மு காலிப், காலிபின் அம்மாதான்.

"வரிசையில முன்னாடி விட்டாங்க. கடைக்காரன் சூடா இருக்கிறதைப் பாத்து எடுத்துக் குடுத்தான். தன் தம்பியைக்கூடக் கவனிக்காம என்னை அபூ காலிப், அபூ காலிப்னு..." நிறுத்திக்கொண்டார். "மூடிட்டா முடிஞ்சுபோச்சு. அப்புறம் நான் யாரு? பையனுக்குக் கல்யாணம், அப்பன்கிட்ட குடுக்க ஒரு போல்ட்."

எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. இதை ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருந்தால் நான் என்ன வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? ஒரு வருஷமாக என் நிலத்தைக் குடைந்துகொண்டு, வாயைத் திறக்காமல். இப்போது தெரிந்தது, காலிப் யாரைக் கொண்டிருக்கிறான் என்று. பக்கத்தில் உட்கார்ந்தேன். கழுவுதொட்டியின் உடைந்த விளிம்பு முதுகில் குத்தியது.

"கிடைச்சவன் குழிக்குள்ள உக்கார மாட்டான்" என்றேன். "மூடிட்டு, மேல நின்னு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி சிகரெட்டு குடிப்பான். நீங்க இங்க உக்காந்திருந்தா ஊருக்கு என்ன தெரியும்? ஒண்ணும் கிடைக்கலன்னுதான் தெரியும். எழுந்து மேல வாங்க. வெள்ளிக்கிழமை எவனாவது கேட்டா, அல்லாஹ் குடுத்தான்னு சொல்லுங்க. அது பொய்யில்ல. மருமகளைக் குடுக்கிறான்ல."

அவர் என்னைப் பார்த்தார்.

"நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டியே?"

"எதை?"

"கிடைக்கலன்னு."

"என்னைக் கேட்டா நான் பேசவே மாட்டேன். போதுமா?"

மேலிருந்து அவ்வாத் எட்டிப் பார்த்தான். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் குடித்தனத்தை அங்கேயே வெச்சுக்கப் போறீங்களா, இல்ல நான் தள்ளட்டுமா?"

அவன்தான் கைகொடுத்து முதலில் என்னையும், பிறகு அவரையும் மேலே இழுத்தான். தக்காளிச் செடிகள் மண்ணுக்கடியில் போனதை நான் நின்று பார்த்தேன். நிரம்பியதும் அவ்வாத் தண்ணீர் வண்டியை மாட்டிக்கொண்டு வந்து நனைத்தான். நனைத்த மண்ணின் மேல் முன்னும் பின்னும் ஓட்டினான். பின்பக்க பிளேடைச் சாய்த்து இழுத்து இழுத்து மட்டம் செய்தான். இருட்டுகிற நேரத்தில் வாசல் வாசலாகிவிட்டது. எனக்கு அதன் மேல் நடக்கவே ஆசையாக இருந்தது.

"இது புது மண்ணு அக்கா. ஒரு மழை குடிச்சாத்தான் படியும். பெரியவங்க நாற்காலியை மட்டும் இந்தப் பக்கம் போட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று ராத்திரியே அபூ ஹாயில் போன் செய்தார். குழி மூடியாச்சு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது. குரலில் தேன் ஒழுகியது. அம்மானில் இருக்கிற அவர் சித்தப்பா பிள்ளைகளும் வருகிறார்களாம். அவர்கள் வேலைக்காரர்கள், கூட்டாளிகள், எல்லாரும் வருகிறார்களாம். "நம்ம சந்தோஷம் ஊருக்கே சந்தோஷம்தானே உம்மு காலிப்" என்றார். போன வாரம் திரும்பிப் போய்விடுவேன் என்றவரால் வந்த தலைவலி தீர்ந்து, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறவரால் புதுத் தலைவலி வந்தது. போனை வைத்துவிட்டு ஆட்டுக்காரனைக் கூப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை கார்கள் வந்தன. ஹாரன் அடித்துக்கொண்டே வந்தன, ஒன்றும் திரும்பவில்லை. மய்யாதா இறங்கி, மாவுருண்டையை வாசல் நிலையில் ஒட்டினாள்; அது ஒட்டினால் மருமகள் வீட்டில் நிலைப்பாள் என்பார்கள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது, எல்லாரும் குலவையிட்டார்கள். காலிபின் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அபூ ஹாயில் நான் கொடுத்தனுப்பிய காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மறு கோப்பைக்கு நீட்டினாராம்.

சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் தப்கே ஆடக் கைகோத்தார்கள். வரிசை நேராகப் புது மண்ணின் மேலேயே நின்றது. மேளம் அடிக்க, பாட்டுக்காரன் எடுத்துக்கொடுக்க, அத்தனை கால்களும் ஒன்றாக விழுந்தன. ஒவ்வொரு மிதிக்கும் தரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கூட்டத்தின் நடுவிலிருந்தவர்கள் ஒரு சாண் குள்ளமானார்கள். "மிதிங்க, நல்லா மிதிங்க! ரோலர் வாடகை மிச்சம்!" என்று அவ்வாத் ஓரத்திலிருந்து கத்தினான்.

வரிசையின் தலையில் என் கணவர். தஸ்பீஹ் மணியைச் சுழற்றிக்கொண்டு, அம்மான் விருந்தாளிகள் எல்லாம் தன் காலைப் பார்த்து அடிவைக்க, வரிசையை இழுத்துக்கொண்டு போனார். அவ்வளவு அழகாக அவர் ஆடி நான் பார்த்ததில்லை. புது மண்ணைத் தாண்டி, பழைய தரைக்கு வந்து, நான் தோண்டவிடாத அத்திமரத்தைச் சுற்றி வந்தார். நான் அங்கேதான் தயிர்க் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். பாட்டுக்காரன் தண்ணீர் குடிக்க நிறுத்தினான், மேளமும் நின்றது. அவர் மட்டும் தாளத்துக்குக் கடைசியாக ஒரு மிதி மிதித்தார்.

காலடியில் காலித் தொட்டியைத் தட்டியது போல ஒரு சத்தம் கேட்டது.

எனக்கும் கேட்டது. அவர் அசையாமல் நின்றார். மெதுவாகக் குதிகாலைத் தூக்கி அதே இடத்தில் இன்னொரு தரம் வைத்தார். தலை கொஞ்சம் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, அவரை நகர்த்திவிட்டு, அவர் கால் இருந்த இடத்திலேயே போட்டு உட்கார்ந்தேன். பிறகு வாய்க்குக் கையை அணைகொடுத்து, என் மூச்சு இருக்கிற மட்டும் குலவையிட்டேன். வீட்டுக்குள்ளிருந்து பெண்கள் பதிலுக்குக் குலவையிட்டார்கள், மேளம் மறுபடி தொடங்கியது, வரிசை அவர் கையைப் பிடித்து இழுத்தது. அவர் போகவில்லை. என் நாற்காலியின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னங்கால்களில் ஒன்று மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.